விழ வேண்டிய இடம்

நாடகத்தில் மணியம்மாளுக்கு முதலில் நாற்பத்தோரு வசனங்கள் இருந்தன. ஒத்திகை தொடங்கிய முதல் வாரத்தில் இருபது போயின. இரண்டாம் வாரத்தில் மிச்சமும் போயிற்று. "மௌனம்தான் தோழர், உழைப்பாளியோட மொழி" என்றார் இயக்குநர் கமலக்கண்ணன். சொல்லிவிட்டு, மௌனத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

மணியம்மாளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. மனப்பாடம் செய்கிற வேலை மிச்சம். தவளக்குப்பத்தில் விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோப்புக் கம்பெனியில் காலை ஆறு மணிக்கு பெல்ட்டின் முன்னால் நின்றால், மதியம் இரண்டு மணிவரை நிற்க வேண்டும். ஓடுகிற பெல்ட்டில் வரும் சோப்பை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். கையை ஆட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவதற்கு எந்த லைனிலும் தடையில்லை. உட்காரத்தான் தடை.

அவள் நாடகத்துக்குள் வந்த கதையே ஒரு நாடகம். பாரிஸில் இரண்டு வருஷம் நாடகம் படித்து, அதன் பிறகு முப்பது வருஷம் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் கமலக்கண்ணன். உழைக்கும் வர்க்கத்தைப் பற்றி ஒரு நாடகம் போடுவது என்று அவர் முடிவு செய்ததும், கம்பெனி வாசலுக்குக் கள ஆய்வுக்கு வந்தார். தொழிலாளியோடு தொழிலாளியாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் காக்கிச் சட்டை போட்டு, அதை இஸ்திரியும் போட்டு வந்தார். அந்தக் கம்பெனியில் காக்கி போடுகிற ஒரே ஆள் வாட்ச்மேன். ஷிப்டு விட்டு வெளியே வந்த பெண்கள் புது வாட்ச்மேன் என்று நினைத்து, வரிசையாக நின்று அவரிடம் பையைத் திறந்து காட்டினார்கள். அவரும், மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தன்னிடம் திறந்து காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, முப்பது டிபன்பாக்ஸை உருக்கமாக எட்டிப் பார்த்தார்.

"சார், வாட்ச்மேன் அங்க டீ குடிக்கறாரு. நீங்க யாரு?" என்று கேட்டவள் மணியம்மாள். கேட்டது தப்பாகப் போயிற்று. அதன் பிறகு மூன்று வாரம் அவர் டீக்கடை பெஞ்சில் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு அவள் வாயைக் கிளறினார். ஒருநாள் அவள் கலைவாணி கதையைச் சொன்னாள்.

அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கலைவாணிக்கு அப்போது ஏழாம் மாசம். கால் வீங்கி, நிற்க முடியாமல், லைன் ஓரத்தில் இருந்த ஒரு பெட்டிமேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடியும் லைனில் நிற்கலாம் என்றார். கலைவாணி விழவில்லை. "வயித்த வெச்சுக்கினு எப்பிடி சார் விழறது?" என்று நியாயமாகத்தான் கேட்டாள். அவர் கத்தினார். அவர் கத்தக் கத்த, லைனில் இருந்த முப்பத்தாறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. யாரும் வெளியே போகவில்லை. பெல்ட் மட்டும் ஓடியது. எடுக்க ஆளில்லாத சோப்பு பெல்ட் முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து, முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. நாற்பது நிமிஷம். கடைசியில் மேனேஜரே போய் சுவிட்சை அமுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் அறைக்குப் போனார். அடுத்த வாரம் லைனுக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. ஆனாலும் ஸ்டூல்.

கமலக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடகம் பிறந்துவிட்டது என்றார். கலைவாணி வேஷத்தில் மணியம்மாளே நடிக்கவேண்டும் என்றார். "உண்மையான உடல் வேணும் தோழர். நடிகைங்க கால்ல உழைப்பு கெடையாது." நாடகத்துக்கு 'நுரைகளின் மௌனம்' என்று பெயர் வைத்தார்.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில், கலைவாணி மேனேஜரின் காலில் விழுகிறாள்.

முதல்முறை அதைக் கேட்டபோது அவர் மறந்துபோய்ச் சொல்கிறார் என்றுதான் மணியம்மாள் நினைத்தாள்.

"சார், அது வுழலயே. நான் சொன்னன் இல்ல? நாங்க நின்னோம். அவருதான் போனாரு."

"தெரியும் தோழர். அது நடந்தது. நடந்ததை அப்படியே போட்டா அது செய்தி. கலை இல்ல."

"வுழுந்தா கலையா?"

"நீங்க ஜெயிச்சுட்டா பார்வையாளன் நிம்மதியா வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்துடுவான். நீங்க விழுந்தாத்தான் அவனுக்குக் குற்ற உணர்ச்சி வரும். அவனைத் தூங்க விடக்கூடாது."

"அவங்க தூங்காம இருக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு சார் வுழணும்?"

 பதிலுக்குக் கமலக்கண்ணன் பூர்ணிமாவைக் கூப்பிட்டார். பூர்ணிமா கல்லூரியில் படிக்கிற பெண். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். நாடகத்தில் மெஷினில் மாட்டிச் சாகிற தொழிலாளியாக நடித்தாள். "நீ கொஞ்சம் விழுந்து காட்டும்மா" என்றார். பூர்ணிமா பரதநாட்டியம் படித்தவள். மேனேஜர் வேஷம் போட்டிருந்த அன்பழகனின் காலில், ஒரு பூ உதிர்வதுபோல விழுந்தாள். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க தோழர்" என்றார் கமலக்கண்ணன், மிக மரியாதையாக. "பூர்ணிமா பண்ணிடுவா."

ஆக, கணக்கு இதுதான் என்று மணியம்மாளுக்குப் புரிந்தது. தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தால், கலைவாணி விழாமல் இருக்கப்போவதில்லை. இன்னும் அழகாக விழுவாள்.

"சரி சார்" என்றாள்.

*

"கடைசில நான் வுழறேனாமே?" என்று கலைவாணி கேட்டது, நாடகத்துக்கு நான்கு நாள் முன்னால், சாப்பாட்டு நேரத்தில். மணியம்மாள்தான் மனசு தாங்காமல் சொல்லியிருந்தாள். கம்பெனியில் எதைச் சாப்பிட்டாலும் ரோஜா வாசனைதான் வரும். அன்றைக்குப் புளிக்குழம்பும் சோப்பு மாதிரி மணத்தது.

"நீ இல்லடி. நான் வுழறேன்."

"எம்பேர் வெச்சுக்கினு தானே?"

"பேர மாத்திட்டாரு. கனியமுதுன்னு."

"நம்ம லைன்ல அத்தினி பேரும் வரப்போறாளுங்க. அவளுங்களுக்குத் தெரியாதா யாருன்னு? எம்பொண்ணு வருதுக்கா. அம்மா கதன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஊர்ல எவனும் நம்பாத ஒரே விஷயம், நாம அன்னைக்கு வுழலங்கறது. எங்க ஊட்டுக்காரரே ரெண்டு வருஷம் நம்பல. இப்ப நீ மேட ஏறி, லைட்ட போட்டு, வுழுந்துட்டேன்னு காட்டிட்டா, அப்புறம் அதான் நெஜம். எதுக்குக்கா சொன்ன அந்தாளுகிட்ட?"

"நல்லவருன்னு சொன்னேன்டி."

"நல்லவருதான். நல்லவனுங்களுக்குத்தான் நாம அழுதா புடிக்கும்." கலைவாணி டிபன்பாக்ஸை மூடினாள். "வேணாம்னு சொல்லிட்டு வந்துடு."

"வந்துட்டா அந்தப் பொண்ணு வுழும்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"தெரியலடி" என்றாள் மணியம்மாள். நிஜமாகவே தெரியவில்லை.

*

துய்மா வீதியில் அந்த அரங்கம் ஒரு காலத்தில் அரிசிக் கிடங்காக இருந்தது. அப்போது மூட்டை தூக்குகிறவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். இப்போது அது கலைவெளி. சோப்புக் கம்பெனிப் பெண்கள் கும்பலாக வந்ததும், "ஸ்டாஃப் எல்லாம் சைடு கேட்" என்று ஒரு பையன் கைகாட்டினான். அவர்கள் டிக்கெட்டைக் காட்டினார்கள். உள்ளே அவர்களுக்கு நாற்காலி இல்லை. முதல் நான்கு வரிசை பிரமுகர்களுக்கு, அடுத்த நான்கு பிரமுகர்களைத் தெரிந்தவர்களுக்கு. பாட்டாளியின் துயரத்தைக் காணக் கதர் ஜிப்பாக்களும், கசங்கினாற்போலவே நெய்த விலையுயர்ந்த புடவைகளும், நாலைந்து வெள்ளைக்காரர்களும் வந்திருந்தார்கள். முப்பது பெண்கள் பின்சுவர் ஓரமாக நின்றார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்கள் அவர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஒரு விஷயமில்லை.

மௌனம் கெடும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். கடற்கரை இரண்டு தெரு தள்ளி இருந்தும் உள்ளே புழுங்கியது.

நாடகம் நடந்தது. கறுப்புத் துணியில் பெல்ட் ஓடியது. பூர்ணிமா மெஷினில் மாட்டிச் செத்தாள். அதற்கு ஒரு குண்டுச் சத்தம் போட்டார்கள். சோப்பு மெஷின் ஏன் வெடிக்கிறது என்று பின்சுவர்ப் பக்கம் ஒரு குரல் கேட்டு, பக்கத்துக் குரல் "சும்மா இருடி, கலை" என்று அடக்கியது.

கடைசிக் காட்சி வந்தது. ஒரே ஒரு விளக்கு. அதன் நடுவில் அன்பழகன், கோட்டும் சூட்டும் போட்டு, வாடகைக்கு எடுத்த பளபளக்கும் ஷூவில் நின்றார். நிஜ வாழ்வில் அவர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். அவர் நின்று பாடம் நடத்தி மாணவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. மணியம்மாள் ஏழு அடி நடந்து, முழங்காலை மடக்கி, அவர் ஷூவைத் தொடவேண்டும். தொட்டதும் அவர் சொல்லவேண்டிய வசனம்: "எழுந்திரு! உன் கண்ணீரால் என் காலணியைக் கறைப்படுத்தாதே!" அத்தோடு விளக்கு அணையும்.

ஏழு அடி நடந்தாள். நின்றாள்.

அந்த இடத்தில் நின்றதும்தான், தான் விழப்போவதில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அது ஒன்றும் பெரிய வீரமாகத் தோன்றவில்லை. முழங்கால் மடங்கவில்லை, அவ்வளவுதான். பேசலாமா என்று பார்த்தாள். அவளுக்குத்தான் வசனமே இல்லையே. மௌனம் அவள் மொழி என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சரி என்று மௌனமாகவே நின்றாள்.

முதல் நிமிஷம் அன்பழகன் கம்பீரமாகக் காத்திருந்தார். இரண்டாவது நிமிஷம் தொண்டையைச் செருமினார். பிறகு உதடு அசையாமல், ரகசியமாக, "விழும்மா" என்றார். கோட்டில் மாட்டியிருந்த மைக் அந்த ரகசியத்தை அரங்கம் முழுக்கச் சொன்னது.

பின்சுவரில் யாரோ சிரித்தார்கள்.

அன்பழகன் சமாளிக்கப் பார்த்தார். வகுப்பில் பாடம் மறந்துபோனால் எப்படிச் சமாளிப்பாரோ அப்படி. "நீ விழுவாய் பெண்ணே! இன்றில்லாவிட்டாலும் என்றேனும்! அதுவரை நான் காத்திருப்பேன்!"

இதை அவர் சொல்லியிருக்கக்கூடாது. இப்போது காத்திருக்கவேண்டும்.

நிற்பது ஒரு வேலை. அதைத் தெரியாதவர்கள் சும்மா நிற்பது என்பார்கள். முட்டியை விறைத்து நிற்கக்கூடாது. விறைத்தால் கால் மணிக்குள் கண் இருட்டும். எடையை வலக் குதிகாலில் வைத்து, அப்புறம் யாருக்கும் தெரியாமல் இடக் குதிகாலுக்கு மாற்றி, அப்புறம் விரல்களுக்கு. மூச்சை வயிற்றில் இழுக்கவேண்டும். கண்ணை ஏதாவது ஓர் இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடவேண்டும். மணியம்மாள் தன் கண்ணை அன்பழகனின் டை முடிச்சில் வைத்தாள். அன்பழகன் இரண்டு முட்டியையும் சிப்பாய் மாதிரி விறைத்து நின்றுகொண்டிருந்தார். பாவம் என்று தோன்றியது. லைனில் புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லித் தருகிற முதல் பாடம் அதுதான்.

திரைக்கு ஓரத்தில் ஒரு சண்டை நடந்தது. அவளுக்குக் கேட்டது.

"பாய், லைட்ட ஆஃப் பண்ணுங்க!" இது கமலக்கண்ணன்.

விளக்குப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஸாகிப். முல்லா வீதியில் மைக்செட், லைட்செட் கடை வைத்திருப்பவர். அரசியல் கூட்டம், கல்யாணம், தர்கா கந்தூரி என எல்லாம் பார்த்தவர்.

"எப்பிடி சார்? கை கால்ல பட்டு, வசனம் முடிஞ்சதும் அணைக்கணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இதோ உங்க கையெழுத்து."

"யோவ், அது... இப்ப நான் சொல்றேன், அணைங்க!"

"நேத்து ஒத்திகைல ரெண்டு செகண்ட் முன்னாடி அணைச்சதுக்கு ஒரு மணி நேரம் திட்டுனீங்களே சார். வானமே இடிஞ்சாலும் அணைக்காதன்னீங்க. அத தொடாதீங்க, ஷாக்கடிக்கும்."

"பூர்ணிமா! நீ ஓடிப்போய் விழு!"

"நான் போன சீன்லயே செத்துட்டேனே சார்."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. முன்வரிசையில் விசிறிக்கொள்வதற்காக எடுத்த நிகழ்ச்சித் தாள்கள் நின்றுபோயின. யாரும் இருமவில்லை. ஏழு நிமிஷத்தில் அன்பழகனின் காதோரத்தில் இருந்து வியர்வை இறங்கியது. ஷூ அவருக்கு ஒரு அளவு சின்னது. ஒன்பதாவது நிமிஷம் அவர் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் வைத்துப் பார்த்தார். கோட்டு போட்ட கொக்கு மாதிரி இருந்தது. மணியம்மாள் எடையை வலக் காலிலிருந்து இடக் காலுக்கு மாற்றினாள்.

பதினொன்றாவது நிமிஷம், அவர் மெல்லப் பின்னால் நகர்ந்து, அலங்காரத்துக்கு அடுக்கியிருந்த சோப்புப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பெட்டி காலி. மெதுவாக அமுங்கி, அவரைத் தரைவரை இறக்கிவிட்டது.

"முடியலப்பா" என்றது மைக்.

அரங்கம் என்ன செய்வது என்று யோசித்த அந்த ஒரு நொடியில் பின்சுவரிலிருந்து கலைவாணியின் குரல் வந்தது. மைக் தேவைப்படாத குரல்.

"சார்! லைன்ல உக்காரக் கூடாது சார்! ஏந்திரிங்க!"

முப்பது பெண்கள் சிரித்தார்கள். மெஷின் சத்தத்தைத் தாண்டிச் சிரித்துப் பழகியவர்கள். முன்வரிசையில் ஒரு கதர் ஜிப்பா திரும்பிப் பார்த்தது. பக்கத்து ஜிப்பாவும் திரும்பியது. வந்த நேரத்திலிருந்து அவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மணியம்மாள் ஓரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"போதும் பாய். அணைங்க."

ஸாகிப் அணைத்தார்.

*

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கமலக்கண்ணன் முகம் சிவந்து மேடைக்கு வந்தார். அவளைத் திட்டத்தான் வந்தார். ஆனால் அதற்குள் முன்வரிசையிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இப்போது பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் "பிராவோ! பிராவோ!" என்று கத்தியபடி மேடையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பதினோரு நிமிஷம், மெஸ்ஸியே! எப்படிக் கற்பனை பண்ணீங்க?"

கமலக்கண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது முகம் மாறியிருந்தது. "அது ரெண்டு வருஷ உழைப்பு" என்றார் அடக்கமாக. "பார்வையாளனைச் சோதிக்கணும்னு நெனச்சேன்." அன்பழகன் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் உட்கார்ந்தது அதிகாரத்தின் வீழ்ச்சியைக் குறிக்கிறது என்று ஒரு நிருபருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கலைவாணி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கும்பலுக்குள் புகுந்து வந்தாள். குழந்தை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துதா?" என்றாள் மணியம்மாள்.

"எங்க? அந்த வெடிச் சத்தத்துல அழுதுட்டு அப்பவே தூங்கிப்போச்சு." கலைவாணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனா நீ தப்பாத்தான் நின்னக்கா. அன்னைக்கு நாம கையக் கட்டிக்கினு நின்னோம். நீ தொங்கப் போட்டுட்ட."

"மறந்துட்டேன்டி."

"நாப்பது நிமிஷம் நின்னோம். இந்தாளு பதினொன்னுல உக்காந்துட்டான்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி வா. ஊருக்குப் போற கடலூர் பஸ் போயிடும்."

வாசலில் கமலக்கண்ணன் ஓடிவந்து மறித்தார். மூச்சு வாங்கியது.

"தோழர், அடுத்த மாசம் சென்னைல போடறோம். நீங்க நின்னது... அது ரொம்பப் பெரிய விஷயம். அதை எழுதிச் சேர்த்துடறேன். ஆனா நின்னதுக்கப்புறம், ஒரு கட்டத்துல, நீங்க விழுந்துடுங்க. அப்பதான் முழுமை."

"சென்னைல நிக்கறேன் சார்."

"நல்லது. அதுக்கப்புறம்?"

மணியம்மாள் கலைவாணியின் தோளிலிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது.

"அதுக்கப்புறமும் நிக்கறேன்."